ஐந்தரைக்கும் எட்டரைக்கும் நடுவில்

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "இந்த வாரம் எத்தனை ஷிஃப்ட்?" சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஷிஃப்ட் தெரிந்தால் சம்பளம் தெரிந்த மாதிரி.

நான் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். வாரா வாரம் சம்பள நோட்டில் வரிசையாக எண்கள் விழும். 9, 9, எட்டரை, 9, 6, 9, 6. பேர் இருக்கிற பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எண்ணை மட்டும் காட்டினாலும், அந்த 6 யாருடையது என்று பெரும்பாலும் சொல்லிவிடுவேன். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிற, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாத பெண்ணுடையது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே காலை எட்டரைக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஐந்தரை வரை ஒரு ஷிஃப்ட். அதற்கு மேல் இரவு எட்டரை வரை இருந்தால் அரை ஷிஃப்ட். ஆக நாளுக்கு ஒன்றரை, ஆறு நாளுக்கு ஒன்பது. ஆர்டர் நெருக்கும்போது இதற்கு மேலும் போகும். எல்லாக் கம்பெனியிலும் நேரம் இம்மி பிசகாமல் இதேதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஊரின் நாடித்துடிப்பு இதுதான். கணக்குக்கு ஒரு ஷிஃப்ட்டுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டரை வரை இருக்கிறவருக்கு வாரம் 3,600. ஐந்தரைக்குக் கிளம்புகிறவருக்கு 2,400. வருஷம் முழுக்க இப்படியே போனால் வித்தியாசம் 62,400 ரூபாய். இரண்டு பேரும் ஒரே டேபிளில் நின்று ஒரே செக்கிங் வேலையைச் செய்கிறவர்கள். ஷிஃப்ட் ரேட்டும் ஒன்றுதான்.

வேலையையும் குடும்பத்தையும் பெண்கள் எப்படிச் சமாளிப்பது என்று வருகிற பேச்சில் பெரும்பாலும் இந்த மூன்று மணி நேரம் வருவதே இல்லை. காலையில் சீக்கிரம் எழுந்திருங்கள், முதல் நாள் இரவே காய் நறுக்கி வையுங்கள், உங்களுக்கென்று பத்து நிமிஷம் ஒதுக்குங்கள் என்று யோசனை சொல்வார்கள். என் பக்கத்து வீட்டுப் பெண் நாலரைக்கு எழுந்திருக்கிறாள். இதைவிடச் சீக்கிரம் எழுந்தால் அதற்குப் பேர் தூங்காமல் இருப்பது.

அவள் தேனிப் பக்கத்துப் பெண். எங்கள் லைன் வீட்டில் மூன்றாவது கதவு. தண்ணீர் வருகிற நாளில் நாலரை என்பது நாலாகிவிடும், ஏனென்றால் எங்கள் பகுதியில் குழாயில் தண்ணீர் தினமும் வராது, வருகிற அன்று எல்லாக் குடத்தையும் நிரப்பியாக வேண்டும். பெரியவள் இரண்டாம் வகுப்பு, சின்னவனுக்கு மூன்று வயது, அங்கன்வாடிக்குப் போகிறான். கணவர் அயர்னிங்கில் இருக்கிறார், அவருக்கு எப்போதும் ஒன்பது ஷிஃப்ட். போன வருஷம் வரைக்கும் இவளுக்கும் ஒன்பதுதான். அது எப்படிச் சாத்தியமானது என்றால், அவளுடைய அம்மா ஊரிலிருந்து வந்து கூடவே இருந்தார். அங்கன்வாடி மூடுகிற நேரத்துக்குப் போய்ச் சின்னவனைத் தூக்கிக்கொண்டு வருவதும், பெரியவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பொரி, டீ கொடுத்து உட்கார வைப்பதும் அம்மாச்சியின் வேலை. அந்த அம்மா இருந்ததால் வந்த மூன்று ஷிஃப்ட் அது. நோட்டில் மகள் பேருக்கு எதிரே விழும். அம்மாச்சி பேர் எந்த நோட்டிலும் கிடையாது.

நம் ஊர்க் கடிகாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கன்வாடியும் பள்ளிக்கூடமும் நாலு மணி வாக்கில் முடிந்துவிடும். கம்பெனி எட்டரைக்கு முடியும். நடுவில் நாலரை மணி நேரம். இந்தியாவில் அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியது. குழந்தைக்குச் சத்துணவு, தடுப்பூசி, முன்பருவக் கல்வி என்பவைதான் அதன் நோக்கங்கள். அம்மா ஷிஃப்ட் முடித்து வருகிற வரை குழந்தையை வைத்துக்கொள்வது அந்தத் திட்டத்தில் முதலிலிருந்தே இல்லை. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊரில் இருக்கிற ஒரே இலவசக் காப்பிடம் அதுதான் என்கிறபோது அதன் நேரமே அம்மாவின் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது.

இந்த விஷயத்தைப் பெரிய அளவில் ஆராய்ந்து 2023இல் பொருளாதார நோபல் பரிசு வாங்கியவர் கிளாடியா கோல்டின். அவர் பார்த்தது அமெரிக்கா. ஒரே படிப்பு, ஒரே வேலை என்றாலும், முதல் குழந்தைக்குப் பிறகு ஆணின் சம்பளமும் பெண்ணின் சம்பளமும் பிரிந்து போவதை அவர் காட்டினார். நீண்ட நேரம் இருக்கிறவருக்கும், கூப்பிட்டால் உடனே வருகிறவருக்கும் சில வேலைகள் கூடுதலாக அள்ளிக் கொடுக்கின்றன. இரண்டு பேரில் ஒருவர் அப்படி இருக்க வேண்டுமானால் இன்னொருவர் வீட்டுக்குக் கிடைக்கிற மாதிரி இருந்தாக வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்பது நமக்குத் தெரிந்ததுதான். இதற்கு மாறாக அவர் காட்டிய உதாரணம் மருந்தாளுநர் வேலை. ஒருவர் நேரம் முடிந்து கிளம்பினால் அடுத்தவர் அதே கணினியைப் பார்த்து அதே மருந்தை எடுத்துக் கொடுக்கலாம். அதனால் குறைந்த நேரம் வேலை பார்த்தாலும் மணிக்கணக்கில் பெரிய நஷ்டம் இல்லை, ஆண் பெண் சம்பள இடைவெளியும் அந்தத் தொழிலில் குறைவு.

செக்கிங் வேலையும் அப்படிக் கைமாற்றக் கூடியதுதான் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. துணியில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்தரைக்கு முன்பு நின்ற அதே கண்கள்தான் ஐந்தரைக்குப் பிறகும் வேண்டும் என்பதில்லை. ஆனால் ஊர் அரை ஷிஃப்ட்டில் பழகிவிட்டது. முதலாளிக்குப் புது ஆள் எடுக்கிற அலைச்சல் இல்லை. தொழிலாளிக்கோ எட்டு மணி நேரச் சம்பளத்தில் வாடகை கொடுத்து ஊருக்கும் பணம் அனுப்ப முடியாது. சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். அரை ஷிஃப்ட் என்று பேர் வைத்துவிட்டால் பல இடங்களில் அந்தப் பேச்சே எழுவதில்லை.

சரி, வீட்டு வேலையின் பக்கம் வருவோம். மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று ஒன்று நடத்துகிறது. 1998–99இல் சோதனையாக ஆறு மாநிலங்களில் எடுத்தபோது தமிழ்நாடும் அதில் இருந்தது. அப்புறம் நாடு முழுக்க 2019இலும் 2024இலும் எடுத்தார்கள். விடிகாலை நாலு மணியிலிருந்து மறுநாள் விடிகாலை நாலு மணி வரை, அரை மணி அரை மணியாகப் பிரித்து, என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். கணக்கு நாலு மணிக்குத் தொடங்குவது எனக்குப் பிடித்திருந்தது, நம் பெண்களைத் தெரிந்த யாரோதான் போட்டிருக்க வேண்டும்.

2024 கணக்கின்படி, ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் 81.5 சதவீதம் பேர் அன்றைக்கு ஏதாவது சம்பளமில்லாத வீட்டு வேலை செய்திருக்கிறார்கள். ஆண்களில் 27.1 சதவீதம். செய்த பெண்கள் சராசரியாக 289 நிமிடம் செய்தார்கள், செய்த ஆண்கள் 88 நிமிடம். செய்திகளில் இந்த 289ஐயும் 88ஐயும்தான் பக்கத்தில் வைத்துப் போட்டார்கள். அது ஆண்களுக்குக் கொஞ்சம் சலுகை காட்டுகிற கணக்கு. அந்த 88 நிமிடம், செய்த 27 பேருடைய சராசரி மட்டும்தானே. எதுவும் செய்யாத மீதிப் பேரையும் சேர்த்து வகுத்தால் ஓர் ஆணுக்குச் சுமார் 24 நிமிடம் வரும். பெண்ணுக்கு அதே மாதிரி வகுத்தால் கிட்டத்தட்ட 4 மணி நேரம். 2019இல் இந்த எண்கள் 299, 97 என்று இருந்தன. ஐந்து வருஷத்தில் பெண்களின் வேலை 10 நிமிடம் குறைந்திருக்கிறது. அதை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை, அவர்களுடையதும் 9 நிமிடம் குறைந்துவிட்டது.

அப்படியானால் அந்தப் பத்து நிமிடம் எங்கே போனது? கணக்கெடுப்பு அதைச் சொல்லாது. எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு பதில், மாவு பாக்கெட். என் அம்மா ஆட்டுக்கல்லில் ஆட்டினார். எனக்குக் கிரைண்டர் வந்தது. அரிசி களைந்து, உளுந்து ஊறவைத்து, ஆட்டி, வழித்து, கல்லைக் கழுவுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை பாதி போய்விடும். இப்போது முக்குக் கடையில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஈரமாவு பாக்கெட் வந்து இறங்குகிறது, எட்டரைக்கு ஷிஃப்ட் விட்டு வருகிற பெண்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கடை மாவு புளிக்கிறது, அதில் என்னத்தைப் போடுகிறார்களோ என்று முகம் சுளிக்கிற பெரியவர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. அவர்கள் யாரும் கிரைண்டர் கழுவியதில்லை.

அந்தக் கணக்கெடுப்பில் பிடிபடாத ஒன்றும் இருக்கிறது. அரை மணியில் பெரிதாகச் செய்த காரியத்தை எழுதிக்கொள்ளலாம். செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே, சின்னவனுக்குக் காலையில் உடம்பு சுட்டதே, சிலிண்டர் புக் பண்ணவில்லையே, நாளைக்குப் பெரியவள் பள்ளிக்கூடத்தில் வண்ணப் பென்சில் கேட்டார்களே என்று மண்டைக்குள் ஓடுவது எந்தக் கட்டத்திலும் விழாது. அது வேலை நேரம் என்றே பதிவாகும்.

சட்டம் இதற்கெல்லாம் ஒன்றும் செய்யவில்லையா? செய்திருக்கிறது. 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்று இருந்தது; 1976இல் அதை 30 பெண்களுக்கு மேல் என்று மாற்றினார்கள். 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம், அம்மா ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம் என்று சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் காப்பகம் இருக்கிறது. அதில் நல்லதாக ஒன்று, 2017 திருத்தத்தைப் போலவே பெண்களை மட்டும் எண்ணாமல் ஆண், பெண் எல்லாரையும் சேர்த்து 50 என்று எண்ணுகிறார்கள். பெண்களை மட்டும் எண்ணினால், காப்பகச் செலவுக்குப் பயந்து 30ஆவது பெண்ணோடு நிறுத்திக்கொள்ள முதலாளிக்கு ஆசை வரும்.

ஆனால் நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் அந்த அறையைப் பார்த்திருக்கிறேன். கதவில் 'குழந்தைகள் காப்பகம்' என்று பலகை, சுவரில் யானையும் ஆப்பிளும். உள்ளே இரண்டு தொட்டில், ஒரு ஆடுகுதிரை, மீதி இடமெல்லாம் அட்டைப்பெட்டி. ஆர்டர் கொடுக்கிற பையர் தரப்பிலிருந்து ஆடிட் வருகிற அன்றைக்குப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றிவிட்டுத் தொட்டிலைத் துடைத்துப் புதுத் துணி கட்டுவார்கள். பக்கத்துத் தெருவில் இருந்து யாராவது ஒரு குழந்தையைக் கொண்டுவந்து உட்கார வைப்பதும் உண்டு. ஆடிட் முடிந்ததும் பெட்டிகள் இறங்கிவிடும்.

முழுக்க முதலாளியின் கள்ளத்தனம் என்றும் இதை முடித்துவிட முடியாது. அறை நிஜமாகவே நன்றாக இருந்தாலும் எத்தனை பேர் குழந்தையைக் கொண்டுவருவார்கள்? கம்பெனி வேனில் நின்றுகொண்டு வருகிற கூட்டத்தில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். உள்ளே பஞ்சுத் தூசு. வேலை மாறினால் காப்பகமும் போச்சு, எங்கள் ஊரில் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து வேறு கம்பெனியில் சேருவது சர்வசாதாரணம். காப்பகம் வேண்டும் என்று நான் கேட்ட பெண்கள் எல்லோரும் சொன்னது, அது வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டும் என்பதுதான். சட்டம் அதைக் கம்பெனியோடு கட்டிவைத்திருக்கிறது.

மகப்பேறு விடுப்பு இன்னொரு கதை. 1961 சட்டத்தில் 12 வாரம், 2017 முதல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பணத்தை ஈ.எஸ்.ஐ. தருகிறது. அதற்கான சம்பள வரம்பான 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர்களுக்கு முதலாளியே தர வேண்டும். புதிதாகக் கல்யாணமான பெண் நேர்காணலுக்கு வந்தால் "உங்க பிளான் என்னம்மா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் ஒரு வருஷம் விடுப்பு. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இது எதுவும் இல்லை. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைக்கும், போன வேலை திரும்பக் கிடைக்குமா என்பது அந்த வீட்டு அம்மாவின் மனசைப் பொறுத்தது.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அரசு வேலையில் 1989 முதல் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு, அப்புறம் அது 40 ஆனது. பெண்களை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்துவதில் இந்த மாநிலம் ரொம்ப தூரம் போயிருக்கிறது. வாசலுக்கு உள்ளே இருக்கிற வேலையை யாராவது எடுத்துக்கொண்டார்களா என்று பார்த்தால், நான் துணிந்து ஆமாம் என்று சொல்லக்கூடிய இடம் ஒன்றுதான்: காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பிள்ளைகள் பசியோடு வரக்கூடாது என்பதற்காகக் கொண்டுவந்தது. ஆனால் என் பக்கத்து வீட்டில் அதன் இன்னொரு பலனைப் பார்த்தேன். காலையில் பெரியவளைத் துரத்தித் துரத்தி ஊட்டுகிற அந்த அரை மணி அப்படியே இல்லாமல் போனது. பொங்கலோ உப்புமாவோ கிச்சடியோ பள்ளியில் கிடைத்துவிடுகிறது. குடிநீர் குடம் தூக்குவதைத் தவிர அந்த வீட்டில் காலை வேளை இவ்வளவு இலேசாக நான் பார்த்ததில்லை.

அந்த உப்புமாவைக் கிண்டுவது யார்? பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். விடிகாலையில் பள்ளிக்கூடத்துக்கு வந்து அடுப்பு மூட்டுகிறார்கள். எங்கள் பகுதிப் பள்ளியில் சமைக்கிற அக்காவிடம் ஒரு தடவை கேட்டேன், "உங்க வீட்ல காலைக்கு யாருங்க்கா?" சிரித்துக்கொண்டே, "மாமியாதாங் கண்ணு. வேறாரு வருவா?" என்றார்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வேலை ஒரு பெண்ணின் கையிலிருந்து நழுவினால் இன்னொரு பெண்ணின் மடியில்தான் விழுகிறது. செக்கிங் பெண்ணுக்கு அம்மாச்சி, சமைக்கிற அக்காவுக்கு மாமியார். சென்னை ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற என் சித்தி மகளுக்குச் சமையலுக்கு வருகிற ஓர் அம்மா, அந்த அம்மாவின் குழந்தைக்குப் பக்கத்துக் குடிசையில் ஒரு கிழவி. சித்தி மகளின் சம்பளம் எங்கள் கம்பெனி மேனேஜரை விடக் கூட. ஆனாலும் அமெரிக்காவிலிருந்து கால் வருகிற நேரம் சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான், சரியாகக் குழந்தைக்குப் பசிக்கிற நேரம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் மியூட்டை எடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்ததும் குக்கர் விசில் அடித்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கணவர் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவருடைய காலில் இருந்திருக்கிறார். அந்தக் கதவு யாருக்கு, அடுக்களை யாருக்கு என்று அவர்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லையாம். தானாக அமைந்துவிட்டதாம்.

இந்தச் சங்கிலி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8 என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பிள்ளை வளர்க்கிற காலம் சுருங்குகிறது, சரிதான். ஆனால் முதியவர்களின் பங்கு அதிகமாக இருக்கிற மாநிலங்களிலும் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. இன்றைக்குப் பேரனைத் தூக்குகிற அம்மாச்சிக்கு நாளைக்கு ஒரு ஆள் வேண்டும். ஒரே மகள் என்றால் பங்கு போட அக்கா தங்கையும் இல்லை. தவிர, இன்றைக்கு முப்பது வயதில் வேலைக்குப் போகிற பெண், அறுபது வயதில் பேரப்பிள்ளை பார்க்க வீட்டில் சும்மா இருப்பாள் என்று எதை வைத்து நம்புகிறோம்?

பக்கத்து வீட்டில் அது முன்கூட்டியே நடந்துவிட்டது. போன தை மாசம் அம்மாச்சிக்கு முட்டி வலி தாங்க முடியாமல் போய், தேனிக்கே போய்விட்டார். அங்கே அவரைப் பார்த்துக்கொள்வது இவளுடைய தம்பி மனைவி. இங்கே ஒன்பது ஷிஃப்ட் ஆறானது. கணவர் ஐந்தரைக்கு வந்தால் என்ன என்று நான் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து அவரே குழம்பு வைப்பார். "அவருக்கு ஷிஃப்ட்டு ரேட்டு கூடக்கா. அவரு வந்தா இன்னும் நட்டம்" என்றாள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சிங்கர் டைலர், அயர்னிங், கட்டிங் என்று ரேட் கூடின வேலைகளில் ஆண்கள் அதிகம். செக்கிங், கைமடி, பிசிறு வெட்டுவது பெண்களுக்கு. முதலிலேயே குறைந்த ரேட், அதனால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய ஆள் அவள், கிளம்புவதால் இன்னும் குறைந்த ஷிஃப்ட்.

இப்போது ஐந்தரைக்கு வரும்போது ஒரு மூட்டை பனியனும் கூடவே வருகிறது. பிசிறு வெட்டிக் கொடுத்தால் பீஸுக்கு இத்தனை என்று காசு. அங்கன்வாடி மூடியதிலிருந்து அவள் வருகிற வரை சின்னவன் எங்கள் வீட்டுத் திண்ணையில் என் மாமியாரோடு இருக்கிறான். அப்புறம் அவள் வாசலில் பல்பைப் போட்டுக்கொண்டு, மடியில் துணியும் கையில் சின்னக் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்துவிடுவாள். சின்னவன் வெட்டி விழுந்த நூலைப் பொறுக்கிப் பந்தாக உருட்டிக்கொண்டிருப்பான். போன சனிக்கிழமை சம்பள நோட்டில் அவள் பேருக்கு எதிரே 6 என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மூட்டை எண்ணிக்கையை அவள் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தாள், கூட்டிப் பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள்.